பதினோராவது பாட்டில்

கலீலுல்லா பாய் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மதுவை நாக்கில் வைத்தவரில்லை. இனி வைக்கப் போகிறவரும் இல்லை. ஆனாலும் பிரான்ஸ் தேசத்தில் எந்த ஊர்ச் சரிவில் விளைந்த திராட்சைக்கு என்ன மரியாதை என்று பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. காலி பாட்டிலைக் கையில் கொடுத்தால் போதும், விலையைச் சொல்லிவிடுவார். இந்த அறிவு இல்லாமல் ஐம்பத்தாறு வருஷம் நிம்மதியாகத்தான் இருந்தார். அது வந்த நாளில்தான் கேடும் வந்தது.

பாரிவாக்கம் போகும் சாலையில் அவருடைய காயலான் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. இரும்பு, அட்டை, பிளாஸ்டிக், பாட்டில் என்று நான்கு குவியல்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கடைக்கு வரும் பழைய பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே வாசிக்கக் கற்றுக்கொண்டார். எழுதுவது மட்டும் கடைசிவரை வரவில்லை. கையெழுத்து போடுவார், அவ்வளவுதான். கடை நடத்த அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

ஒரே மகன் ஜுல்ஃபிகர். கேட்டரிங் டிப்ளமா முடித்து, அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் இருக்கும் பெரிய ஹோட்டலின் பாரில் வேலை பார்த்தான். “ஊத்திக் குடுக்கிறதோட சரி, தொட்டுக்கூடப் பாக்க மாட்டேன்” என்று அம்மா சைனம்புவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் சேர்ந்தான். சொன்னபடியே நடந்தும் வந்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. சொன்னால் காது சிவந்துவிடும். இப்போது ஒரு சொகுசுக் கப்பலில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஏஜென்ட்டுக்குக் கட்ட வேண்டிய பணமும், இவன்மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழும்தான் பாக்கி. பணத்தை நான் கட்டுகிறேன் என்று கலீலுல்லா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஹோட்டலின் காலி அட்டைகளையும் பாட்டில்களையும் அமல்ராஜ் என்பவர் தன் லோடு ஆட்டோவில் ஏற்றித் திங்கள்கிழமை தோறும் கொண்டுவந்து போடுவார். அப்படி ஒரு திங்கள்கிழமைதான் ஜெகன் வந்தான். வெள்ளைக் கார், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, அளந்து பேசும் வாய். அம்பத்தூரில் ஏதோ கம்பெனி வைத்திருப்பதாகச் சொன்னான். குவியலிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான்.

“பாய், இத இன்னா வெலைக்கு தருவீங்க?”

“பெரிய பாட்டிலு. அஞ்சு ரூபா குடு.”

“வாய் ஒடஞ்சி கீது. ஒடையாம இருந்தா நான் தொள்ளாயிரம் தருவேன்.” ஜெகன் சிரிக்காமல் சொன்னான். பிறகு அதே உயரம், அதே பச்சை நிறத்தில் வேறொன்றைப் பொறுக்கினான். “இதுக்கு நாப்பது.”

கலீலுல்லா இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணு தானேப்பா?”

“கண்ணாடி ஒண்ணு தான். ஊரு வேற. பர்கண்டினு ஒரு ஜில்லா கீது பாய், பிரான்ஸுல. அங்க ஒரு ரோடு போவுது. ரோட்டுக்கு மேல கீற தோட்டத்துல வெளஞ்சா லட்சம் குடுத்துகூட வாங்குவாங்க. கீழ கீற தோட்டத்துல வெளஞ்சா ஆயிரத்துக்கே யோசிப்பாங்க. அதே திராட்ச, அதே வெயிலு.”

இது கலீலுல்லாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பைபாஸுக்கு அந்தப் பக்கம் மனை என்றால் ‘பூந்தமல்லி’ என்று நோட்டீஸ் அடித்து விற்கிறார்கள். இந்தப் பக்கம் அதில் பாதி விலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, சாயங்காலமானால் கடிக்கிற கொசுவும் ஒன்று. ஊர்ப் பெயருக்குத்தான் காசு. பிரான்சிலும் இதே கூத்துதானா என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

“காலி பாட்டில வெச்சிகினு இன்னா பண்ணுவ?”

“டெக்கரேஷன் பாய். காபிக் கடை, ஷூட்டிங்குனு நெறைய பேர் கேக்குறாங்க. லேபிளு மட்டும் கீறல் இல்லாம இருக்கணும்.”

கலீலுல்லா அதை நம்பினார். ஒரு பாட்டிலுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கொடுக்கிறவனை நம்பாமல் இருப்பது சுலபமான வேலை இல்லை. அடுத்த இரண்டு வாரத்தில் ஜெகன் தன் போனில் இருந்த படங்களைக் காட்டி எந்த லேபிளுக்கு எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தான். அந்நிய எழுத்து வாசிக்க வராவிட்டாலும், கோட்டை படம், வளைந்த கொடி, தங்க ஓரம் என்று அடையாளம் வைத்து அத்தனையையும் கலீலுல்லா மனப்பாடம் செய்துகொண்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. ஹோட்டலில் ஒரு விதி உண்டு. விலையுயர்ந்த பாட்டில் காலியானதும் அதன் வாயைச் சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். ‘இன்ன தேதி, இத்தனை பாட்டில், உடைத்தாயிற்று’ என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். அந்த வேலை ஜுல்ஃபிகருடையது.

ஒரு நாள் மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மகனிடம் கலீலுல்லா பேச்சை எடுத்தார். அவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

“அத்தா, ஒடைச்சேன்னு எழுதிட்டு ஒடைக்காம வுட்டா அது பொய்யி இல்லியா?”

“அலமாரில அழகுக்கு வெக்கத்தாண்டா கேக்குறான். யாருக்கு நஷ்டம்? நீ கப்பலுக்குப் போற வரைக்கும் தான். ரெண்டு மாசம்.”

“எதுக்கு ஒடைக்க சொல்றாங்கனு தெரியுமா உங்களுக்கு?”

“எதுக்கா இருந்தா இன்னா? நான் கேக்குறேன்ல.”

ஜுல்ஃபிகர் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து, “உங்களுக்கோசரம் அத்தா” என்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. கலீலுல்லா அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். அவர் வாழ்க்கையில் செய்த தப்புகளில் அதுதான் பெரியது. அன்றைக்கு அது அவருக்குத் தப்பாகவே தோன்றவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு பழைய பஸ் இரும்பு விஷயமாக அவர் ஐயப்பன்தாங்கல் வரை போக வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அமல்ராஜ் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார். சைனம்பு சும்மா இருக்கிறவள் இல்லை. இருபது வருஷமாகக் கடைக்கு வரும் பாட்டில்களைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, லேபிளை உரித்து, பளபளவென்று கழுவி அடுக்குவது அவள்தான். கழுவின பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்கும். கலீலுல்லா திரும்பி வந்தபோது தொட்டியில் லேபிள்கள் மிதந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பதினொரு பாட்டில்கள் அம்மணமாக நின்றன. பதினொன்றும் தொள்ளாயிரம் ரூபாய்ச் சாதி.

“இன்னா காரியம் பண்ணிட்ட சைனம்பு!” தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எப்பவும் பண்றத தானே பண்ணேன். இதுல ஊறவெக்கிற பாட்டிலு, ஊறவெக்காத பாட்டிலுனு இருக்குதுனு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா?”

சொல்லவில்லைதான். சாராய பாட்டிலுக்கு இவ்வளவு விலை என்றால் அவள் ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று பயந்து சொல்லாமல் விட்டிருந்தார்.

ஆனால் சைனம்பு கெட்டிக்காரி. லேபிள்களை ஒன்றுகூடக் கிழியாமல் தண்ணீரிலிருந்து எடுத்தாள். பழைய பேப்பரில் காயவைத்தால் அச்சு மை ஏறிவிடும் என்று யோசித்து, வீட்டு அலமாரியிலிருந்து மகனுடைய பழைய கேட்டரிங் ரெக்கார்ட் நோட்டு ஒன்றை எடுத்துவந்தாள். அதில் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், மறுபக்கம் வெறும் வெள்ளையாக இருக்கும். பதினொரு தாள்களைப் பிரித்து, வெள்ளைப் பக்கத்தில் லேபிள்களைப் பரப்பி வெயிலில் வைத்தாள். காய்ந்ததும் பசை பிடித்துக்கொண்டது, உரித்தால் கிழியும்போலிருந்தது. அதனால் லேபிளின் ஓரத்தோடு ஒட்டித் தாளையும் சேர்த்துக் கத்தரித்து, பின்பக்கம் மைதா பசை தடவி, துளிகூடக் கோணாமல் பாட்டிலில் ஒட்டினாள். அவசரத்தில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அது நீலமாக ஏதோ எழுதிய தாள், அவ்வளவுதான். பாட்டிலோ ஆழ்ந்த பச்சை. கடை நிழலில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் ஜெகன் வந்தான். லேபிளை விரலால் தடவிப் பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டினான், பதினொன்றையும் எடுத்துப் போனான். அவன் போனதும் கலீலுல்லா மனைவியை நன்றியோடு பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. அமல்ராஜ் இறக்கிய மூட்டையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார் கலீலுல்லா. தங்க ஓர லேபிள் ஒன்று கையில் வந்தது. அடியில் வண்டல் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வெயிலுக்கு நேராக உயர்த்தினார். லேபிளின் முதுகுப்புறம் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கோடு போட்ட தாள். நீல பால்பாயின்ட் எழுத்து. உச்சியில் 786. ஆறின் வாலைச் சுழித்து இழுத்துவிடும் அந்தப் பழக்கத்தை அவர் மகனின் முதல் வகுப்பு ஸ்லேட்டிலிருந்து பார்த்து வருகிறார்.

காலி என்று அவர் விற்ற பாட்டில் மறுபடி காலியாகத் திரும்பி வந்திருந்தது. நடுவில் அது நிரம்பியிருக்கிறது. யாரோ அதைக் குடித்திருக்கிறார்கள்.

நிரம்பிய பாட்டிலில் சிவப்புத் தண்ணீர் மறைத்துக்கொள்ளும், எழுத்து தெரியாது. காலியானால் தெரியும். வெளிச்சத்துக்குத் தூக்கினால் படிக்கவே படிக்கலாம். இப்படிப் பதினொன்று போயிருக்கிறது. பதினொன்றின் முதுகிலும் அவர் பிள்ளையின் கையெழுத்து.

பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்துப் போய் சைனம்புவிடம் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விஷயம் முழுவதும் அவளுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அழுதாள், திட்டினாள், பிறகு பாட்டிலைப் பார்த்து மறுபடி அழுதாள்.

“786 எழுதின தாள்ல போயி சாராய லேபிள ஒட்டிட்டேனே, இந்தக் கையால!”

“ஊறவெச்சி உரிச்சி அடுப்புல போட்டுடு.”

“786 எழுதினத அடுப்புலயா? இன்னா மனுஷன் நீங்க! கடல்ல கொண்டு போயி சேக்கணும்.”

அவருக்கும் அதை நெருப்பில் போட மனம் வரவில்லை. பதினொன்றும் வந்து சேரட்டும், மொத்தமாகக் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தார்கள். கடையின் மூலையில் கதவு நெளிந்த ஒரு பழைய பீரோ இருந்தது. பாட்டிலை அதற்குள் வைத்துப் பூட்டினார்.

அன்றைக்கே ஜெகனை வரச்சொன்னார். இனிமேல் பாட்டில் கிடையாது என்றார். ஜெகன் காரிலிருந்து இறங்கக்கூட இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“டெக்கரேஷனுனு சொன்னியேப்பா. அதே ஹோட்டல்லேருந்து திரும்பி வருது.”

“வராம? ஹோட்டலு மேனேஜரு ரவிச்சந்திரன் சார் தான் நம்ம பெரிய கஸ்டமரு. உள்ளூரு ஒயினு, கொஞ்சம் கலரு, கொஞ்சம் ஸ்பிரிட்டு. மெனுவுல நாப்பதாயிரம். குடிக்கிறவன் யாரு பாய் நாக்க நம்புறான்? ஊரு பேர படிச்சிட்டு தானே குடிக்கிறான்.”

“எம் புள்ள அங்க வேல செய்றான்.”

“தெரியும் பாய்.” ஜெகன் போனைத் தட்டித் திருப்பிக் காட்டினான். ஹோட்டல் நோட்டின் ஒரு பக்கம். ‘உடைத்தாயிற்று.’ கீழே ஜுல்ஃபிகரின் கையெழுத்து. “எவ்ளோ அழகான கையெழுத்து! ஒடைக்காதத ஒடைச்சேன்னு எழுதினது யாரு? சாரும் எழுதல, நானும் எழுதல. அடுத்த மாசம் நாப்பது பாட்டிலு வேணும்.”

கார் திரும்பிப் போனது. லேபிளுக்குப் பின்னால் இருப்பது அவனுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் கலீலுல்லாவுக்கு மிஞ்சிய ஆறுதல்.

மகனிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். ஆனால் ஜுல்ஃபிகரை அவர் பெற்றவர் அல்லவா? விஷயம் தெரிந்தால் அவன் நேரே மேனேஜரிடம் போய் நிற்பான். அந்த மேனேஜரே கூட்டுக் களவாணி. சொல்லாமல் இருப்பதுதான் அவனுக்குக் காவல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் இருந்தது வெட்கம். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, ‘உன்னைப் பொய் சொல்லவைத்தேன், அது இப்படி வந்து நிற்கிறது’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வேறு வழியில்லாமல் ஜெகனுக்குப் பாட்டில்களைக் கொடுத்துக்கொண்டே, திங்கள்கிழமைகளில் கடையை விட்டு அசையாமல் காத்திருந்தார். மூட்டை வந்து இறங்கியதும் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வெயிலுக்குத் தூக்கிப் பார்ப்பார். சாலையில் போகிறவர்கள் பாய்க்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது வாரம் மூன்று வந்தன. அதற்கடுத்து இரண்டு. பிறகு ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. அந்த ஏழு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த திங்கள்கிழமை நான்கு சேர்ந்து வந்தபோது அமல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். அமல்ராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பீரோவில் பத்து பாட்டில்கள். பத்துத் தாள்களையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். எல்லாம் காலேஜ் பாடம்தான், எதிலும் பெயர் இல்லை.

“மொத தாள்ல அவன் பேரு, ரிஜிஸ்டர் நம்பரு எல்லாம் எழுதி இருந்திச்சே?” என்றார் சைனம்புவிடம்.

அவள் பீரோவின் கதவைச் சாத்தினாள். “அதையும் தான் எடுத்தேன்” என்றாள் பிறகு.

பதினோராவது பாட்டில் வெளியே இருந்தது.

அந்த வாரம் ஜுல்ஃபிகர் சந்தோஷமாக இருந்தான். போலீஸ் சான்றிதழுக்கு மனு கொடுத்தாயிற்று, விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள், அம்மா பயப்படக் கூடாது என்று சொல்லிச் சிரித்தான். கலீலுல்லா அவனைக் கேட்டார்:

“இந்த வாரம் ஓட்டல்ல விசேஷம் ஏதாச்சும் கீதா? பெரிய பாட்டிலு தொறப்பாங்களா?”

“ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு கம்பெனி விருந்து. எதுக்கு அத்தா எப்பப் பாத்தாலும் பாட்டிலையே கேக்குறீங்க?”

“சும்மா தான்.”

“இன்னும் பத்து நாள் தான். நான் கெளம்பிட்டா வேற ஆளு வருவான், அவன் ஒழுங்கா ஒடைப்பான். இந்தப் பொழப்பு வேணாம் அத்தா.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “லீவு போட்டுடு, ஞாயித்துக்கெழம போவாத” என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவன் கேட்டபோது கடைக்குள் போய்விட்டார். கப்பலுக்குப் போகும்முன் கெட்ட பெயர் வாங்கக் கூடாது என்று ஜுல்ஃபிகர் ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கிளம்பினான். சாயங்காலம் வரவேண்டியவன் வரவில்லை. போனை எடுக்கவில்லை. விருந்து நீண்டிருக்கும் என்று சைனம்பு சொன்னாள். கலீலுல்லாவும் ஆமாம் என்றார். இரண்டு பேருமே அதை நம்பவில்லை.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு அமல்ராஜின் லோடு ஆட்டோ வந்தது. பின்னால் மூட்டை இல்லை. அமல்ராஜ் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார்.

“பாய், தம்பிய கூட்டிகினு போயிட்டாங்க.”

“யாரு?”

“போலீசு. நேத்து மத்தியானம். விருந்துல எல்லாருக்கும் ஊத்தி முடிச்சிட்டு, அடில கசடு கீதானு பாக்க பாட்டில வெளக்குக்கு நேரா தூக்கினாராம். அப்படியே நின்னுட்டாராம். இன்னாவோ படிச்சிகினே இருந்தாராம். அப்புறம் யாரு கிட்டயும் பேசல, பாட்டில எடுத்துகினு நேரா மேனேஜரு ரூமுக்குப் போனாரு. ‘சார், இதுல என் பேரு எழுதி கீது, யாரோ தப்பு பண்றாங்க, வெசாரிங்க’னு சொன்னாராம். மேனேஜரு கதவ சாத்திகினு போன் போட்டாரு. அரை மணி நேரத்துல ஜீப்பு வந்திச்சி. தம்பி தான் காலி பாட்டில வித்து, அதுல போலி சரக்கு ஊத்திக் கொண்டாந்து மாத்துனாருனு எழுதிக் குடுத்துட்டாங்க. நோட்டுல கையெழுத்து வேற கீதாமே?”

நேரே மேனேஜரிடம் போவான் என்று கலீலுல்லா பயந்தாரே, அச்சு அசல் அப்படியே போயிருக்கிறான். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சைனம்பு வந்து பீரோவைத் திறந்தாள். பத்து பாட்டிலையும் எடுத்து ஒரு கூடையில் அடுக்கினாள்.

“போயி சொல்லுங்க. நீங்க தான் வித்தீங்கனு சொல்லுங்க. நான் தான் ஒட்டினேன்னும் சொல்லுங்க. இது தான் சாட்சி.”

சாட்சி என்ற சொல் அவருக்குப் பிடிமானமாக இருந்தது. அமல்ராஜின் வண்டியிலேயே கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனார். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஜெகன், மேனேஜர், தொள்ளாயிரம் ரூபாய், மைதா பசை. எதையும் மறைக்கப் போவதில்லை. ஜெயிலுக்குப் போனாலும் சரி, பிள்ளை கப்பல் ஏறட்டும். பல வாரங்களுக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு லேசானது.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் ஜெயப்பிரியா அவரை உட்காரச் சொன்னார். உள்ளறையில் ஜுல்ஃபிகர் ஒரு பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை கசங்கியிருந்தது. அப்பாவின் குரல் கேட்டும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கலீலுல்லா ஒன்றுவிடாமல் சொன்னார். ஜெயப்பிரியா குறுக்கே பேசாமல் கேட்டார். ஜெகனுடைய நம்பரைப் போட்டுப் பார்த்தார், அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பெனி பெயர் என்ன என்று கேட்டார், கலீலுல்லாவுக்குத் தெரியவில்லை. ஊர் மட்டும்தான் தெரியும், அம்பத்தூர். அவனிடம் விற்றதற்குச் சீட்டு ஏதும் உண்டா? இல்லை. பிறகு ஆய்வாளர் எழுந்து கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். நிதானமாக, வாய்விட்டுப் படித்தார்.

“ஒரே திராட்சை, ஒரே மண். விலை வித்தியாசம் விளைந்த ஊரின் பெயரால் வருகிறது.”

அடுத்ததைத் தூக்கினார்.

“வாங்குபவர் சுவையைப் பார்ப்பதில்லை, லேபிளைப் பார்க்கிறார். ருசித்து ஊரைக் கண்டுபிடிப்பவர் நூற்றில் ஓரிருவர்.”

மூன்றாவது.

“மலிவான ஊரின் சரக்கை உயர்ந்த ஊரின் பாட்டிலில் அடைத்தால் பல மடங்கு லாபம். இதைத் தடுக்கவே காலி பாட்டிலை உடைக்கும் விதி.”

“அது அவன் காலேஜு பாடம் மேடம். பரீச்சைக்கு எழுதினது.” கலீலுல்லா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஹோட்டல்ல பிடிச்ச பாட்டில்ல பேரு மட்டும்தான் இருந்துச்சு. திட்டம் எங்கேனு தேடிட்டு இருந்தோம். நீங்களே கூடைல கொண்டு வந்திருக்கீங்க.” ஜெயப்பிரியா பாட்டிலை மேஜையில் வைத்தார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் பேசினார். “பத்துலயும் ஒரே கையெழுத்து. யாரோடது பாய் இது?”

உள்ளறையில் ஜுல்ஃபிகர் இப்போது நிமிர்ந்து பார்த்தான். அவன் காது சிவக்கவில்லை. அவன் முகத்தில் கேள்வியும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலின் முதுகில் 786 தெரிந்தது, ஆறின் வால் சுழித்து நீண்டிருந்தது.

“என்னோடது” என்றார் கலீலுல்லா. “நான் எழுதினது மேடம். எல்லாம் நான் தான். பையனுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஜெயப்பிரியா மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தி, அதன் மேல் ஒரு பேனாவை வைத்தார்.

“சரி பாய். இதே மூணு வரிய எனக்கு எழுதிக் காட்டுங்க.”

கலீலுல்லா பேனாவை எடுத்தார். தாளின் உச்சியில் மெதுவாகத் தன் பெயரை எழுதினார். அதற்கு மேல் அவருக்கு எழுதத் தெரியாது.